பழைய கிரபிக்ஸ் கார்ட்: வேகத்தைப் பார்ப்பதா, ஆயுளைப் பார்ப்பதா?

பாவித்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கப் போகும் எவரும் இரண்டு கேள்விகளைக் கேட்காமல் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. ஒன்று, இஞ்சின் எப்படி? மற்றது, ஸ்பெயார் பார்ட்ஸ் கிடைக்குமா? ஆனால் கம்பியூட்டர் சாமான் என்று வந்துவிட்டால் நம்மவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். இரண்டாவது கேள்வியைக் கேட்காததால் உழைத்த காசு எப்படிக் கரைகிறது என்பதைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன்.

ஈச்சிலம்பற்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைச் சந்தித்தார். கட்டாரில் சில வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். நான்கு கம்பியூட்டர்களைப் போட்டு, பொடியன்மார் வந்து விளையாடும் ஒரு கேம் சென்டர் திறக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். "நானா, நாலு கார்ட் எடுக்கப் போறன். 1080 டிஐ எடுக்கிறதா, 2080 எடுக்கிறதா? ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொல்லுறாங்க" என்று கேட்டார். இதே கேள்வியை மூதூரிலும் தோப்பூரிலும் வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் பதிலைப் பொதுவில் சொல்வதே பொருத்தம்.

முதலில் இரண்டு கார்ட்களையும் அறிமுகம் செய்துவிடுவோம். இரண்டுமே என்விடியா நிறுவனத்தின் தயாரிப்புகள். ஜீடிஎக்ஸ் 1080 டிஐ 2017 மார்ச்சில் 699 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. ஆர்டிஎக்ஸ் 2080 அடுத்த ஆண்டு, 2018 செப்டெம்பரில், அதே 699 டொலர் என்ற ஆரம்ப விலையோடு வந்தது. முன்னையதில் 11 ஜீபீ நினைவகம். பின்னையதில் 8 ஜீபீ. முன்னையது 250 வாட் மின்சாரம் இழுக்கும். பின்னையது 215 வாட். (1080 என்பது இங்கே மாதிரி இலக்கம் மட்டுமே. 1080 திரைக்கு 1080 கார்ட்தான் வேண்டும் என்று நினைத்துக் குழம்புவோரும் உண்டு.)

வேகத்தைப் பொறுத்தவரை, 2018ஆம் ஆண்டின் விளையாட்டுகளில் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கவில்லை. 2080 சற்று முன்னால் நின்றது, அவ்வளவுதான். அதே காசுக்கு ஒன்றரை வருடம் கழித்து வந்த கார்ட் இவ்வளவுதானா என்று அன்று உலகெங்கும் பலர் முகம் சுளித்தனர். 11 ஜீபீ இருக்கும்போது 8 ஜீபீ எதற்கு என்ற வாதமும் அன்று எழுந்ததுதான். அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2023 மார்ச்சில் த லாஸ்ட் ஒஃப் அஸ் முதலாம் பாகம் கம்பியூட்டருக்கு வந்தபோது, 8 ஜீபீ கார்ட்கள் உயர்தரக் காட்சிகளில் திணறியதை மறுப்பதற்கில்லை.

பாவித்த கார்ட் விற்பவர்கள் இன்றும் இந்த 11 ஜீபீயைத்தான் முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் 2018இல் சரியாக இருந்த கணக்கு இன்றும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் மூன்று விடயங்கள் நடந்துவிட்டன.

முதலாவது, விளையாட்டுகளைத் தயாரிப்போர் புதிய தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கத் தொடங்கிவிட்டனர். ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் உருவாக்கும் ரே ட்ரேசிங் என்ற வசதிக்கான தனிப் பகுதி 2080 கார்டிலே உண்டு. 1080 டிஐயில் இல்லை. 2024 டிசெம்பரில் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கும், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் விளையாட்டுக்கும் அந்த வசதி கட்டாயம். 11 ஜீபீ இருந்தும் 1080 டிஐக்கு அங்கே இடமில்லை. 8 ஜீபீ உள்ள 2080 அவற்றை ஓட்டும்.

இரண்டாவது, டிஎல்எஸ்எஸ். சிறிய அளவில் படத்தை உருவாக்கிப் பின்னர் அதைப் பெரிதாக்கித் தரும் இந்த முறை 2020இல் நன்கு முன்னேறியது. 2025 ஜனவரியில் வந்த அதன் மேம்பட்ட வடிவமும் 2080 கார்டுக்குக் கிடைத்தது. வயதாகும் கார்டுக்கு இது ஊன்றுகோல் போன்றது. 1080 டிஐக்கு ஏஎம்டி நிறுவனத்தின் எஃப்எஸ்ஆர் என்ற மாற்று வழி இருக்கிறது; ஆனால் அந்த கார்டில் கிடைக்கும் எஃப்எஸ்ஆர் படத்தின் தெளிவில் டிஎல்எஸ்எஸ்சுக்கு ஈடாகாது.

மூன்றாவதுதான் நமது ஸ்பெயார் பார்ட்ஸ் கேள்வி. கிரபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் என்ற மென்பொருளே உயிர். புதிய விளையாட்டு ஒன்று வரும்போதெல்லாம் அதற்கேற்பப் புதிய டிரைவரைத் தயாரிப்பாளர் வெளியிடுவார். 1080 டிஐ உள்ளடங்கிய தலைமுறைக்கு இந்தச் சேவையை 2025 ஒக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. அதன் பின்னர் 2028 ஒக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. அதாவது கடைக்கு வரும் பொடியன் அடுத்த வருடம் ஒரு புதிய விளையாட்டைக் கேட்டு, அது கோளாறு செய்தால், திருத்தித் தர எவரும் இல்லை. 2080 கார்டின் தலைமுறை அந்த அறிவிப்பில் சேர்க்கப்படவில்லை.

இனி நமது ஊர்க் கணக்குக்கு வருவோம். நான்கு கார்ட், நாளுக்கு எட்டு மணித்தியாலம், மாதத்துக்கு முப்பது நாள். ஒரு கார்டுக்கு 35 வாட் வித்தியாசம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 34 யூனிட் மிச்சம். நான்கு கம்பியூட்டர்களும் திரைகளும் முழு வேகத்தில் ஓடினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 400 வாட் இழுக்கும் என்று வைத்தால், மொத்தம் 384 யூனிட். குளிரூட்டியின் கணக்கு இதில் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் 250 வாட் வெப்பம் கக்கும் நான்கு பெட்டிகளோடு இருப்பது எப்படி என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கடைகளில் பரவலாக விற்கப்படும் 650 வீஏ யூபிஎஸ் இத்தகைய கம்பியூட்டரை விளையாட்டின் நடுவே தாங்கிப் பிடிக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பவர் சப்ளையும் 1080 டிஐக்கு 600 வாட், 2080க்கு 650 வாட் என்றே தயாரிப்பாளர் பரிந்துரைத்திருக்கிறார். மலிவான பவர் சப்ளை போட்டு கார்டையே எரித்துக்கொள்வது புத்திசாலித்தனமல்ல.

வருமானத்தையும் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு கார்ட் 60,000 ரூபாய், விளையாட்டுக் கட்டணம் மணித்தியாலத்துக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த கார்டின் விலை மாத்திரம் திரும்பி வர 400 மணித்தியாலங்கள் ஆட்கள் உட்கார்ந்து விளையாட வேண்டும். மின்கட்டணம், வாடகை, இணையக் கட்டணம் எல்லாம் அதற்கு வெளியே. பாடசாலை நாட்களில் பின்னேரம் மட்டும் கூட்டம் வரும் ஊரில் 400 மணித்தியாலம் என்பது சில மாதங்கள். அந்த மாதங்களைக் கடந்தும் அந்தப் பொருள் பயனில் இருந்தால்தான் இலாபம் என்ற பேச்சுக்கே இடமுண்டு.

டொலரையும் மறந்துவிடக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபாய். அந்தக் கணக்கில் 699 டொலர் என்பது 1 இலட்சத்து 42 ஆயிரம் ரூபாய். அதே வருடம் மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதுவே 2 இலட்சத்து 51 ஆயிரமாகியது. பின்னர் ரூபாய் ஓரளவு தேறியபோதும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பழைய கார்ட்களுக்கு இங்கே இன்னும் கிராக்கி இருப்பதற்கு இது முக்கிய காரணம். புதியது எட்டாத உயரத்தில் இருக்கும்போது பழையதைத் தேடுவது குற்றமல்ல. எந்தப் பழையது என்பதில்தான் நிதானம் வேண்டும்.

எனவே எனது கருத்து இதுதான். இரண்டும் ஒரே விலை என்றால் 2080ஐ எடுங்கள், யோசிக்கத் தேவையில்லை. 1080 டிஐயை எடுப்பதானால் அதன் விலை 2080இன் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதுவும் பழைய விளையாட்டுகளோடு திருப்திப்படும் வாடிக்கையாளர் இருந்தால் மாத்திரமே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது பகுதிப் பொடியன்மார் கேட்பது பெரும்பாலும் ஜீடிஏ 5, கிரிக்கெட் 19, கவுண்டர் ஸ்ட்ரைக் போன்றவைதான். சாதாரண 1080 திரையில் இவற்றை ஓட்ட இந்த இரண்டு யானைகளுமே தேவையில்லை. நான்கு கம்பியூட்டர்களில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ 2080 போட்டு, மற்றவற்றுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் நடுத்தர கார்ட் போட்டால் முதலீடும் குறையும், மின்கட்டணமும் குறையும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றும் வரை, இத்தகைய கார்ட்கள் உலகெங்கும் இரவு பகலாக நாணயம் தோண்டும் வேலையில் ஓடின. பிறகு அவை பாவித்த சாமான் சந்தைக்கு வந்தன. தோண்டலில் ஓடியது என்பதற்காக மட்டும் ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. அதன் காற்றாடியும், வெப்பம் கடத்தும் பசையும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜீபீயூ-இசட் என்ற இலவச மென்பொருளால் கார்ட் உண்மையில் சொல்லப்படும் மாதிரிதானா என்று சரிபாருங்கள். குறைந்தது அரை மணித்தியாலம் பாரமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். திரையில் கோடுகளோ புள்ளிகளோ தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம். குறையை எழுதிக் கொடுக்கவும், ஒரு மாதமாவது பொறுப்பெடுக்கவும் மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை பாதைக்காகக் காத்துக் கிடந்து பயணம் செய்த பிரதேசம் இது. இன்று வீதி நேராகிவிட்டது. ஆனாலும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கிய கார்ட் பழுதானால், அதைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏற வேண்டியவர் ஈச்சிலம்பற்று வியாபாரிதான். கொழும்பில் இருப்பவருக்கு ஒரு நாள் அலைச்சல். இவருக்கு இரண்டு நாள் கடையடைப்பு. ஆகவே தூரத்து ஊர்களில் தொழில் செய்பவர்கள் நேற்றைய வேகத்துக்காக அன்றி, நாளைக்கும் ஓடும் என்ற உறுதிக்காகவே காசு கொடுக்க வேண்டும்.