மூன்றாவது சுற்றுக்குப் பிறகு

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் காட்டுப்பாதை ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ஐந்து சுற்று ஓடினால் 55. மாரத்தானின் 42.195ஐத் தாண்டினாலே அல்ட்ராதான். கணக்கு எளிது; கால்தான் ஒப்புக்கொள்வதில்லை.

போன மாதம் மூன்று சுற்று முடித்தபோது நண்பகல். உப்பு மாத்திரை போட்டும் தொடை இழுத்தது. இனிப்பு ஜெல்லை நினைத்தாலே குமட்டியது. காட்டுக்குள் சோர்ந்தால் நடந்தாவது வெளியே வந்தாக வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்போதுதான் மனம் பேரம் பேசும்: பேருந்து நிறுத்தம் பக்கத்தில்தானே! அனுபவசாலிகள் அங்கே உட்காரவே மாட்டார்கள். நான் உட்கார்ந்தேன். (வாழைப்பழத்தைக் குரங்கு பறித்துக்கொண்டு போனது தனிக்கதை.)

இருபது நிமிடம் கழித்து எழுந்து, நான்காவது சுற்றை நடந்தே முடித்தேன். ஐந்தாவது இன்னும் பாக்கி.