பெயரில்லாத கிருமியும் பதிவில்லாத மக்களும்

கிருமிக்குப் பெயர் சூட்டி இலக்கம் இடுவது ஆய்வுகூடத்தாரின் வேலை. காணி இழந்து, லயத்துக் காம்பராவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் ஒண்டி வாழும் நமக்கு அதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். 1992ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்ததை அறிந்தால் அப்படிக் கேட்க மாட்டோம்.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் சென்னையில் கடும் வயிற்றோட்டம் பரவியது. வேலூர், மதுரை, கல்கத்தா எனத் தொடர்ந்து, 1993 தொடக்கத்தில் பங்களாதேசத்தையும் தாக்கியது. அடையாளங்கள் எல்லாம் கொலராவுக்கு, அதாவது நம் முன்னோர் அஞ்சிய வாந்திபேதிக்கு, உரியவை. ஆனால் வழக்கமான சோதனை அதைக் கொலரா என்று காட்டவில்லை.

காரணம் இதுதான். கொலராக் கிருமிகளில் பல பிரிவுகள் உண்டு. 'ஓ 1' என்ற பிரிவு மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். சோதனையும் அதை மட்டுமே தேடியது. கல்கத்தாவின் தேசிய கொலரா ஆய்வு நிறுவனத்தாரும் பிற விஞ்ஞானிகளும் இந்தக் கிருமியை ஒதுக்கிவிடவில்லை. அறியப்பட்டிருந்த 138 பிரிவுகளில் எதனோடும் அது பொருந்தவில்லை. எனவே 'ஓ 139' என்ற புதிய இலக்கமும், வங்காள விரிகுடாக் கரையோரத்தில் தோன்றியதால் 'வங்காளம்' என்ற பெயரும் அதற்குக் கிடைத்தன. பழைய கிருமியே மேலுறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தது என்பது பின்னர் தெரிந்தது. அதனால்தான், முன்பு கொலரா கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் பெருந்தொகையாக நோயுற்றார்கள்.

இக்கிருமிகள் ஆறு கடலோடு கலக்கும் உவர்நீரில் இயல்பாக வாழ்பவை. நமது மலையாறுகள் நன்னீர் ஆறுகள். ஆனாலும் மலசலகூடம் இல்லாத குடியிருப்புக்குக் கீழே உள்ள பீலியில் நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் இறங்கி வர உவர்நீர் தேவையில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, சோதனை தான் தேடுவதை மட்டுமே காணும். 'தண்ணீரில் குறையில்லை' என்று யாராவது சொன்னால், எந்தப் பீலியில், எப்போது, எதைத் தேடினீர்கள் என்று கேட்போம். இரண்டாவது, பெயர் இல்லாத நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததற்கு நிதியும் வராது. இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலையும் இதுவே. தோட்ட நிர்வாகம் பிரதேச சபையைக் காட்டும், பிரதேச சபை நிர்வாகத்தைக் காட்டும். இடையில் நமது பீலி எவருடைய பட்டியலிலும் இராது.

ஆகவே மூன்றைக் கேட்போம். நாம் குடியேறிய இடங்களின் குடிநீர் சோதிக்கப்பட வேண்டும். முடிவு தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். வயிற்றோட்டம் கண்ட ஒவ்வொருவரும் பதிவாக வேண்டும். கேட்குமுன் நாமும் ஒரு கொப்பியில் திகதி, வயது, தண்ணீர் எடுத்த இடம் ஆகியவற்றை எழுதி வைப்போம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. புதிய கிருமி என்றாலும் வைத்தியம் பழையதே. பெயர் தெரியும்வரை காத்திராமல், கொதித்தாறிய நீரில் ஜீவனி கரைத்து உடனே கொடுக்கத் தொடங்கி, வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.