பழைய சைக்கிளும் புதுச் சக்கரமும்

புதுக்கோட்டை ஜில்லாவில் சைக்கிள் வெறும் வாகனமாக மட்டும் இருந்ததில்லை. 1991-ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றனர். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அவர்களுக்குப் பாங்குக் கடன் கிடைக்கவும் வழி செய்தார். பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமற் போகவே ஆண்கள் சைக்கிளையே பலர் வாங்கினர். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதனையே விரும்பினவர்களும் உண்டு.

அவ்வகைக் கனத்த வண்டிகள், அவற்றிலும் பழைய கம்பி பிரேக் வண்டிகள், இன்னும் உழைக்கக் கூடியவை. ஆயினும் ஜெகதாப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டு ரிம்மின் முலாம் உரிகிறது. நிப்பிள்கள் துருவேறித் திருகாமல் நின்றுவிடுகின்றன. சட்டம் திடமாயிருக்க, சக்கரம் இற்ற காரணத்தால் வண்டி முழுவதும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகிறது. இதனை வீண் நஷ்டம் என்றே நாம் கருதுகிறோம்.

புதுச் சக்கரம் வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்பார் உளர். அவ்வளவு எளிதன்று. இவ்வண்டிகளின் சக்கரம் 28-க்கு 1½ அங்குலம். டயர் அமரும் இடத்தில் விட்டம் 635 மில்லிமீட்டர். 28 என்ற பெயரிலேயே 622 மில்லிமீட்டர் சக்கரமும் இன்று விற்கப்படுகிறது. பழைய டயர் அதில் நிற்காது. முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்பது பழைய கணக்கு. 36 துளை ரிம்மை அந்த ஹப்புடன் ஒழுங்காகப் பின்ன இயலாது. எல்லாவற்றினும் முக்கியம் பிரேக். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்புறத்தை அழுத்துவது. பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்குக்கென்று செய்த ரிம்மைப் போட்டால் கட்டை சரியாகப் பதியாது. பஸ்கள் விரையும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதன் விளைவை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே, ஹப் நன்றாயிருப்பின் அதனை வைத்துக்கொண்டு, ஏற்ற ரிம்மும் புதுக் கம்பியும் தேடிப் பின்னுவதே வழி. பிரிக்குமுன் கம்பியின் நீளத்தையும், ஒவ்வொரு கம்பியும் எத்தனை கம்பிகளைக் குறுக்கே தாண்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நெசவாளருக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். பாவில் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் விறைத்தால் துணி என்னாகுமோ, அதுவே சக்கரத்துக்கும். ஒரே கம்பியை முறுக்கி நேராக்க முயன்றால் கோட்டம் வேறிடத்துக்குத் தள்ளப்படும். கால் திருகு, அரைத் திருகாகச் சுற்றிச் சுற்றி எல்லாக் கம்பிகளையும் ஏற்றிவர வேண்டும். பொறுமையற்றவர் கையில் சாவியைக் கொடுக்கலாகாது!

இத்தகைய ரிம்மை ஒருவருக்காக எந்தக் கடைக்காரரும் இருப்பு வைக்கமாட்டார். அதில் அவரைக் குறை கூறவும் நியாயமில்லை. இருபது அங்கத்தினர் சேர்ந்து கேட்டால் நிலைமை வேறு. நூலையும் உரத்தையும் கூட்டாக வாங்கும் சங்கங்கள் ரிம்மையும் கம்பியையும் வாங்கலாகாதா? கோட்டம் எடுப்பதில் கைதேர்ந்த முதியவரிடம் இரண்டொரு வாலிபரைப் பழக விடுவதும் சங்கங்களுக்குப் பெருஞ்செலவன்று. கடற்கரைச் சங்கங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கு ஏற்றது. படகும் வலையும் செப்பனிடப்படும் அந்நாட்களிலேயே சக்கரத்தையும் கவனிக்கலாம்.

எல்லா வண்டிக்கும் இது தகும் என்று நாம் சொல்லவில்லை. ஹப் விரிசல் கண்டு, சட்டமும் உள்ளே இற்றவை எடைக்குப் போக வேண்டியவையே. முதற்காரியமாக, சங்கங்கள் தம் அங்கத்தினரின் வண்டிகளைப் பார்த்து, டயர் எண், துளைக் கணக்கு, பிரேக் வகை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். கடைக்காரரிடம் விலை பேச அந்த நோட்டுப் போதும்.