யாருக்கு இதெல்லாம்?

ஆறு வருஷம் கழித்து என் மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள். திங்கட்கிழமை ஜாயினிங். "ஒரு நல்ல சென்ட் வாங்கித் தர்றேன், கிளம்பு" என்று சனிக்கிழமை தி.நகருக்கு அழைத்துப் போனேன்.

இதில் ஒரு பழைய பாக்கி உண்டு. கல்யாணமான புதிதில் அவள் சென்ட் அடித்துக்கொண்டு ஆபீஸ் கிளம்பியபோது, "யாருக்கு இதெல்லாம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். தமாஷுக்குத்தான்! அன்றோடு சென்ட்டை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

கடைப்பெண் இரண்டு பாட்டில் எடுத்து வைத்தாள். இரண்டுமே பழம், இனிப்பு ரகம். ஒன்று லாங்கோமின் 'லா வி எ பெல்'. 2012-ல் வந்த பிரெஞ்சு சரக்கு. மேலே பேரிக்காய், அடியில் நம்ம கடலைமிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பியான பிரலீன். மற்றது துபாய் பக்கத்து 'யாரா'. கமலா ஆரஞ்சு, வெனிலா. விலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

பேரிக்காயைப் பிழிந்தால் ஜூஸ் வரும், சென்ட் வராது. அந்த வாசனை லேபில் செய்வது. பஞ்சு மிட்டாய் வாசனைக்கு எத்தில் மால்ட்டால் என்று ஒரு வஸ்து. 1992-ல் முக்லரின் 'ஏஞ்சல்' சென்ட்டில் அதை அள்ளிப் போட்டார்கள். அப்புறம் சென்ட் கடையெல்லாம் மிட்டாய்க்கடைதான்.

காகிதப் பட்டையில் அடித்துக் காட்டினாள். நான் முகர்ந்தது பட்டையை, பார்த்தது விலைச்சீட்டை. "யாராவே பிரமாதம்!" என்றேன்.

"அவசரப்படாதீங்க" என்று மனைவி இடது மணிக்கட்டில் ஒன்று, வலதில் ஒன்று அடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். பாண்டி பஜாரில் இரண்டு மணி நேரம் சுற்றினோம்.

பி.காம். படித்த புண்ணியவான்களுக்குத் தெரியும். தேய்மானத்தை ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் போட்டால் முதல் வருஷம்தான் பெரிய அடி. சென்ட்டும் அதே கணக்கு! ஆரஞ்சும் பேரிக்காயும் முதல் அரை மணிக்குள் முக்கால்வாசி காலி. வெனிலா, பிரலீன் வகையறாதான் சாயங்காலம் வரை கூட வரும். அதுவும் தோலின் சூட்டுக்கு ஆளுக்கு ஆள் மாறும். கடையில் பட்டையை முகர்ந்து வாங்குகிறவன் முதல் பத்து நிமிஷத்தைத்தான் வாங்குகிறான்.

நடுரோட்டில் இரண்டு கையையும் நீட்டினாள். "இப்ப சொல்லுங்க."

வலதில் யாரா. வெனிலா மட்டும் பாக்கி, கொஞ்சம் திகட்டல். இடது கையை முகர்ந்தவன் சட்டென்று விடவில்லை. போகிறவர்கள் பார்த்தார்கள்.

"இடதுதான்" என்றேன், பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"எனக்கும்."

கடைக்குத் திரும்பினோம். பன்னிரண்டு வருஷத்துக் கடன், வட்டியும் முதலுமாகக் கார்டில் தேய்த்தேன். கடைப்பெண் கலர் பேப்பரை எடுத்தபடி, "கிஃப்ட் பேக் பண்ணட்டுமா சார்? யாருக்கு?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்:

"எனக்கு."