ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவும் ஒரு கடன் நோட்டும்

கோலார் தங்கவயலைப் பற்றிய நினைவுப் பதிவுகளில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு தவறாமல் இடம்பெறுகிறது. எம்.ஜி. மார்க்கெட்டின் நெரிசல், கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரத்துத் துணிக்கடைகள், பேக்கரி வாசனை என்று பட்டியல் நீளும். 1990களில் அத்தெருவைக் கண்டு வளர்ந்த எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால், அத்தெரு எதனால் இயங்கியது என்ற கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை.

சம்பள நாள் மாலையில் அம்மா கடைத்தெருவுக்குக் கொண்டுபோனவை இரண்டு: ஒரு துணிப்பை, நீளவாக்கில் மடித்த ஒரு கடன் நோட்டு. மளிகைக் கடைக்காரர் பழைய பாக்கியைக் கழித்து, அன்றைய அரிசியையும் பருப்பையும் அடுத்த பக்கத்தில் எழுதுவார். பள்ளி திறக்கும் மாதத்தில் மளிகைக் கடைக்கு முன்பாகச் சேட்டுக் கடையில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. அங்கே தங்கத் தாதுவை வெட்டியவர்களின் வீட்டு நகைகள், ஆண்டில் பாதி நாள் அடகுப் பெட்டியில் கிடந்தன.

அக்கடன் வெறும் நல்லெண்ணத்தால் தரப்பட்டதன்று. சுரங்கத்தின் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்ததே அதற்குப் பிணை. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 1992இல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்ட பின் எங்கள் நோட்டில் பாக்கித் தொகை ஏறிக்கொண்டே போனது. 2001 மார்ச் முதல் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. கடைத்தெரு மூடப்படவில்லை. ஆயினும் பெங்களூருக்கு விடியற்காலை ரயிலேறும் தினக்கூலிக்கு நோட்டுப் போட்டுத் தர எவரும் முன்வரவில்லை. இழப்பு வணிகருக்கும்தான். எங்கள் கடைக்காரர் கடைசிப் பாக்கியைக் கேட்கவும் இல்லை, அடித்துவிடவும் இல்லை. அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததை நாம் பெருமையாக எழுதுகிறோம். அது சுரங்கத்திற்காக வந்த மின்சாரம். தண்டின் ஆழம், எடுத்த தங்கத்தின் எடை ஆகியவற்றுக்கு ஆவணங்கள் உள்ளன. ஒரு தொழிலாளர் குடும்பம் மாதக் கடைசியில் எதை உண்டது, எதை வாங்காமல் திரும்பியது என்பதற்குச் சான்று அந்தக் கடன் நோட்டுகளிலும் அடகுச் சீட்டுகளிலும்தான் உண்டு. அவற்றை நாம் ஆவணங்களாகக் கருதுவதில்லை. பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போடுகிறோம்.

தங்கவயலில் களப்பணி செய்யும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. முதியவர்களிடம் அந்தக் காலம் எப்படி இருந்தது என்று கேட்பதோடு நில்லாமல், பழைய நோட்டு ஏதேனும் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இசைவு பெற்று, பெயர்களை மறைத்துப் படியெடுங்கள். நினைவு காலப்போக்கில் இனிப்பாகிவிடும். நோட்டில் எழுதிய பாக்கி அப்படியே நிற்கும்.