தவறணைக்குப் பின்வாசல் எதற்கு?

கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா ஒருவர் அண்மையில் தன் ஃபோனில் எங்களுக்குப் படங்கள் காட்டினார். ஒரு மரப்பலகையில் ஆறு சின்னக் கிளாஸ், ஆறு நிறத்தில் பியர். பின்னால் பளபளக்கும் உருக்குத் தாங்கிகள். அங்கே ஊருக்கு ஊர் சின்னச் சின்ன கிராஃப்ட் புரூவரிகள் இருக்காம். சனிக்கிழமையில குடும்பத்தோட கார் எடுத்துக்கொண்டு போய், காய்ச்சுறவரோட கதைச்சு, எது எந்த ஊர்த் தண்ணியில வந்தது எண்டு கேட்டுக் குடிப்பினமாம். "அங்க இது ஒரு கலையடா" எண்டார்.

அண்டு பின்னேரம் அவருக்குக் கள்ளு வேணும் எண்டு ஆசை வந்தது. தவறணை அவருடைய வீட்டில் இருந்து பத்து நிமிஷ நடை. போகவில்லை. ஒரு பொடியனை அனுப்பி, சோடாப் போத்தலில் எடுப்பிச்சு, வீட்டுக் கோடிக்குள் இருந்து குடித்தார். போத்தலைச் சுற்றிப் பேப்பர் வேறு.

அவரை மட்டும் பிழை சொல்ல இதை எழுதவில்லை. எங்களில் கனபேர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. அங்கே கலையாக இருப்பது இங்கே ஏன் கோடிக்குள் போகிறது?

ஒரு சின்ன மதுச்சாலையைத் தேடிப்போய்ப் பார்க்க வைப்பது என்ன? உருக்குத் தாங்கியோ மரப்பலகையோ இல்லை. அந்தக் குடிபானம் அந்த இடத்தில்தான் பிறக்க முடியும் என்பது. அதைச் செய்தவரின் முகத்தைப் பார்த்துக் குடிக்கலாம் என்பது. இன்றைக்கு ஒரு ருசி, அடுத்த மாதம் வேறு ருசி என்பது. இவை இல்லாவிட்டால் சுப்பர் மார்க்கட்டில் ரின் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம்.

இதற்கு உலகத்தில் எல்லாரும் காட்டும் உதாரணம் பெல்ஜியம். பிரசெல்ஸ் நகரில் கன்ரியோன் என்ற புரூவரி 1900இல் தொடங்கியது. அங்கே செய்யும் லாம்பிக் என்ற பியருக்கு மற்ற ஆலைகளைப் போல ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. கோதுமையும் வாற்கோதையும் காய்ச்சிய சாற்றைக் குளிர்கால இரவில் கூரைக்குக் கீழே அகலமான செப்புத் தட்டில் ஊற்றித் திறந்து விடுவார்கள். காற்றிலும் கூரையிலும் மரப் பீப்பாய்களிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பக்டீரியாவும் தானாக வந்து இறங்கிப் புளிக்க வைக்கும். அந்தக் கட்டடத்துச் சிலந்தி வலையைக்கூட அவர்கள் அடிப்பதில்லை. 1978இல் இருந்து அது ஒரு அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. காசு கட்டி, சுற்றிப் பார்த்து, முடிவில் புளிப்பான பியர் குடித்து வருகிறார்கள். 2016இல் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாட்டையே யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இப்ப எங்கட பனையைப் பாருங்கோ. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டி கட்டுகிறார். பாளையில் இருந்து சொட்டும் சாறு இனிப்பானது. யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. காற்றும் பாளையும் போன தரம் முட்டியில் ஒட்டிக் கிடந்த மண்டியும் அந்த வேலையைச் செய்கின்றன. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு அடங்கிக் கருப்பணி. பூசாவிட்டால் மரத்தில் இருந்து இறங்கும்போதே கள்ளு. காலமை இறக்கியது மத்தியானத்துக்கு வேறு ருசி, பின்னேரத்துக்கு இன்னொரு ருசி, அடுத்த நாள் விநாகிரிக்குப் பக்கத்தில். பிரசெல்ஸ்காரர் பீப்பாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று வருஷம் காத்திருந்து எடுக்கும் மாற்றம் இங்கே ஒரு பகலுக்குள் நடந்து முடிகிறது. புளிக்க வைக்கும் உயிர்களும் தூரத்துச் சொந்தம்தான்: காட்டு ஈஸ்ட், லக்ரிக் அமில பக்டீரியா.

ஆகவே 'யாழ்ப்பாணத்துக்கு எப்ப ஒரு கிராஃப்ட் புரூவரி வரும்' என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: அது ஏற்கெனவே இருக்கு. அதற்கு முன்னால் நிற்கத்தான் உங்களுக்கு வெட்கம்.

ஊருக்கு ஊர் ஒப்பிட்டுப் பார்க்கவும் எங்களிடம் நிறைய இருக்கிறது. பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு, பாளை விடும் மாதங்களோடு சரி. தென்னங்கள்ளு வருஷம் முழுக்க வரும். பனங்கள்ளில் ஒரு கூர்மை இருக்கு. தென்னங்கள்ளு மென்மை, கொஞ்சம் இனிப்புக் கூட. (இது எங்களுடைய தீர்ப்பு. தென்னைக் கட்சிக்காரர் சண்டைக்கு வரலாம்.) தெற்கில் களுத்துறை, வாதுவை, பயாகலைப் பக்கம் போனால் மரத்துக்கு மரம் தும்புக் கயிறு கட்டி, சீவுகிறவர் கீழே இறங்காமல் வானத்தில் நடந்து போவார். பார்க்க அற்புதம்தான். ஆனால் அங்கே இறக்கும் கள்ளில் பெரும்பகுதி சாராய வடிசாலைக்குப் போகிறது. கயிற்றில் நடந்தவரின் பெயரோ ஊரோ போத்தலில் இல்லை. மலையோரச் சிங்கள ஊர்களில் கித்துள். அதன் பாணியும் கருப்பட்டியும் கடைத் தட்டில் ராசா மாதிரி இருக்க, கள்ளு மட்டும் ஒளித்துக் கேட்க வேண்டிய பொருள்.

பியரைக் கேட்டால், இலங்கையில் அது தொடங்கியது நுவரெலியாக் குளிரில், 19ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்காரத் தோட்டக்காரர்களோடு. பிறகு உற்பத்தி பியகமைக்கு இறங்கி வந்துவிட்டது. வாற்கோதை இறக்குமதி. நல்ல பியராக இருக்கலாம், ஆனால் அதைக் குடிக்க எந்த ஊருக்கும் போகத் தேவையில்லை.

கடலுக்கு அங்கால் கேரளத்தில் கள்ளு ஷாப்பு ஒரு சாப்பாட்டுக் கடையும்தான். கப்பையும் கரிமீனும் தாறாவும் அங்கே கள்ளுக்குச் சமமான காரணங்கள். குடும்பமாகப் போய் இருந்து சாப்பிடும் ஷாப்புகள் எத்தனையோ இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1987இல் இருந்து கள்ளுக்குத் தடை, அரசாங்கமே நடத்தும் டாஸ்மாக்கில் பிரண்டியும் ரம்மும் தாராளம். மரத்தில் இருந்து வருவது குற்றம், ஆலையில் இருந்து வருவது வருமானம்! எங்கள் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில். தடை இல்லை. மரியாதையும் இல்லை.

ஏன் இல்லை? சுத்தம் இல்லை, சனம் சரியில்லை, மணக்குது என்பார்கள். உண்மைக் காரணத்தை ஆரும் சத்தமாகச் சொல்லுறேல்லை. கள்ளை இறக்குகிறவர் ஆர் என்பதுதான் காரணம்.

யாழ்ப்பாணத்தில் சீவல் தொழிலை எந்தச் சாதிகளின் தலையில் கட்டி வைத்தார்கள் என்று இதை வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். தேநீர்க் கடையில் அந்த மனிதருக்குத் தனிக் குவளை கொடுத்த அதே சமூகம், அவர் கையால் இறக்கிய கள்ளைத் தீட்டு இல்லாமல் குடித்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் வரை தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் கேட்டது இந்தப் பொய்யைத்தான். தேநீர்க் கடைகளும் கோயில்களும் போராடித்தான் திறந்தன. ஆனால் கள்ளின் மேல் பூசின அவமானம் அப்படியே கிடக்கு. அதைக் குடிக்கிறவர் பின்வாசலால் போகிறார், இறக்குகிறவர் தன் தொழிலை மறைக்கிறார்.

எங்கள் பீடத்தில் ஒரு தோழி இருக்கிறா. அவவின் அப்பா சீவல் தொழிலாளி. முதலாம் வருஷம் புலமைப்பரிசில் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினா. இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்களிடம் சொன்னா. அந்த மனிதர் காலமையும் பின்னேரமும் தளநார் போட்டு ஏறுகிறார். ஒவ்வொரு பனைக்கும் தனித்தனியாக ஏறி இறங்க வேணும், களுத்துறைக் கயிறு இங்கே இல்லை. விழுந்தால் முடிந்தது கதை. எந்தப் பாளை எத்தனை நாள் தட்டினால் இளகும், மழைக்கு முன்னால் எதை விட வேணும் என்று அவருக்குத் தெரிவது பிரசெல்ஸ்காரருக்குத் தெரிவதைவிடக் குறைந்த கல்வி இல்லை. ஆனால் மகள் கையில் பேனையை வைத்துக்கொண்டு 'கூலி' என்று எழுத வேண்டி இருந்தது.

இன்னொரு கதவு பெண்களுக்கு. தவறணை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று 1979இல் வந்த மதுவரி அறிவித்தல் சொன்னது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப் பெறச் சொன்னார். ஆனால் பாருங்கோ, அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்க எங்கள் அம்மாக்களுக்குக் கள்ளு வேணும். கள்ளு விட்ட அப்பத்தின் வாசத்தைப் புகழாத யாழ்ப்பாணத்தான் இல்லை. கள்ளு குசினிக்குள் வரலாம், பெண் கள்ளுக்கொட்டிலுக்குள் போகக் கூடாது!

'நீங்கள் குடியைப் புகழுறியளோ' என்று கேட்பவர்களைத் தட்டிவிட நாங்கள் விரும்பவில்லை. குடி எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டைச் சாம்பலாக்கியது என்று எங்களுக்கும் தெரியும். எங்களில் இரண்டு பேர் அந்த வீடுகளில் இருந்துதான் வந்தோம். 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் சரியானது. ஆனால் அந்த வீடுகளை எரித்தது பெரும்பாலும் சாராயமும் கசிப்பும் எட்டு வீதத்துக்கு மேலான ஸ்ட்ரோங் பியரும் என்று எங்கள் கண் சொல்கிறது. அவற்றை விற்கும் கடைக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் வெளிச்சப் பலகையும் இருக்கு. ஒளித்துக் குடிக்கிறவன் அவசரமாகக் குடிக்கிறான். மேசையில் இருந்து மீன் பொரியலோட கதைச்சுக் குடிக்கிற ஆளை இன்னொரு ஆள் பார்த்துக்கொண்டிருப்பார்.

தவறணைகளில் பிழை இல்லை என்றும் சொல்லவில்லை. சில இடங்களில் பிளாஸ்ரிக் வாளியைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். பனையோலைப் பிளாவில் வார்த்த காலம் போய், கழுவினதோ கழுவாததோ தெரியாத ஜொக்கு வந்திருக்கு. தண்ணி கலக்கிறது, சீனி கலக்கிறது எல்லாம் நடக்குது. ஆனால் முன்வாசலால் வாடிக்கையாளர் வராத கடையில் ஆர் கேள்வி கேட்கிறது? மலசலகூடம் எங்க எண்டு கோடிக்குள் இருந்து குடிக்கிறவர் கேட்க மாட்டார்.

சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் 1972இல் இருந்து இருக்கின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. கன்ரியோன் அருங்காட்சியகம் திறந்த அதே வருஷம். அரை நூற்றாண்டில் அவர்கள் ஒரு புளித்த பியரை உலகம் தேடி வரும் பொருளாக்கினார்கள். நாங்கள் பனையை இலச்சினைகளிலும் பாட்டுகளிலும் கலைவிழா மேடைத் திரையிலும் வரைந்தோம். எல்லாப் படத்திலும் பனை இருக்கும். அதில் ஏறுகிற ஆள் இருக்க மாட்டார்.

இதில் ஒரு பயமும் இருக்கு. நாளைக்கு வெளிநாட்டுக் காசோடு ஒருவர் வந்து, பிளாவும் வாழையிலையும் வைத்து, 'மரபுக் கள்ளு' என்று உல்லாசப் பயணிக்குப் பத்து மடங்கு விலைக்கு விற்பார். மரம் ஏறுகிறவருக்கு அதே பழைய காசு. அப்படி வருகிற மரியாதை எங்களுக்கு வேண்டாம். பலகையில் எந்த ஊர்ப் பனை, ஆர் இறக்கினது, எத்தனை மணிக்கு இறக்கினது என்று எழுத வேணும். சங்கத்தின் கையில் கடை இருக்க வேணும், விலையில் எவ்வளவு ஏறினவருக்குப் போகுது என்பதும் அதே பலகையில் இருக்க வேணும். விழுந்தால் குடும்பத்தைப் பார்க்கும் காப்புறுதி வேணும். பெண்களும் வந்து இருக்கக் கூடியதாக அந்த இடம் இருக்க வேணும்.

போன சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தவறணைக்கு முன்பக்கத்தால் போனோம். நாலு பேர் உள்ளே. தோழியும் இன்னொருத்தியும் வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றார்கள். உள்ளே இருந்த வயசான ஐயா ஒருவர் எங்களைப் பார்த்து, "கம்பஸ் பிள்ளையள் இஞ்ச என்ன, உங்கட வீட்டில தெரியுமோ?" எண்டார். தெரியும் எண்டோம். பொய். இரண்டு பேர் வீட்டில் தெரியாது.

வெளியே வந்தபோது ஒருவன் "நல்ல காலமைக் கள்ளு" என்றான். தோழி அவனுக்குக் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தா.

"உது நேற்றுப் பின்னேரத்தையான். அப்பாட்டக் கேட்டா எந்தக் காணிப் பனை எண்டும் சொல்லுவார்."