ஐஐடியோட எம்ஓயு போட்ட கம்பெனி ஷேரை வாங்கலாமா?

"சார், இந்த கம்பெனி ஐஐடி கூட எம்ஓயு போட்டிருக்கு. ரெண்டு நாளா அப்பர் சர்க்யூட். உள்ள போகலாமா?"

நம்ம சேனலுக்கு மாசத்துக்கு நாலு தடவையாவது வர்ற கேள்வி இது. கம்பெனி பேரும் துறையும்தான் மாறும். ஒரு தடவை பேட்டரி, ஒரு தடவை ட்ரோன், இப்போ ஏஐ.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். எம்ஓயு ஒரு சொத்து கிடையாது. பேலன்ஸ் ஷீட்ல அதுக்குன்னு ஒரு வரி கூட இல்ல. "சேர்ந்து வேலை செய்யலாம்னு நினைக்கிறோம்" என்று ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. பெரும்பாலும் யாரையும் எதுக்கும் கட்டுப்படுத்தாது. அதை நம்பி உங்க சேமிப்பை ஒரு சின்ன கம்பெனில போடாதீங்க.

அதுக்காக பல்கலைக்கழகமும் கம்பெனியும் கை கோக்கறதே வெறும் விளம்பரம்னு நான் சொல்லல. ஒழுங்கா செஞ்சா எவ்வளவு பணம் வரும்னு ஸ்டான்ஃபோர்டைக் கேளுங்க. லாரி பேஜ் அங்க ஆராய்ச்சி மாணவரா இருந்தப்போ உருவாக்கின பேஜ்ரேங்க் முறைக்கான பேட்டன்ட், பல்கலைக்கழகத்தோட பேர்லதான் இருந்தது. அதை கூகுளுக்கு லைசென்ஸ் கொடுத்தப்போ ஸ்டான்ஃபோர்ட் பதிலுக்கு சுமார் 18 லட்சம் பங்குகளை வாங்கிக்கிட்டது. 2005-க்குள்ள எல்லாத்தையும் வித்ததுல கிடைச்சது கிட்டத்தட்ட 33.6 கோடி டாலர். (வெச்சிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்னு கணக்குப் போட ஆரம்பிக்காதீங்க, தூக்கம் போயிடும்.) அங்க யாருக்கு உரிமை, யாருக்கு லைசென்ஸ், பதிலுக்கு என்ன என்பதெல்லாம் எழுத்துல இருந்தது.

எழுத்துல தெளிவா இல்லைன்னா என்ன ஆகும்னும் பார்த்திருக்கோம். கேட்டரேட் பானத்தை 1965-ல் உருவாக்கினது ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்து டாக்டர் ராபர்ட் கேடும் அவர் குழுவும். பணம் கொட்ட ஆரம்பிச்ச பிறகு யாருக்குச் சொந்தம்னு சண்டை வந்து, வழக்கு நடந்து, கடைசியில ராயல்டில 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்குன்னு முடிவாச்சு.

நம்ம ஊர் உதாரணம் கோவாக்சின். ஐசிஎம்ஆர் பல்கலைக்கழகம் இல்ல, அரசு ஆராய்ச்சி அமைப்பு; ஆனா விஷயம் அதேதான். பாரத் பயோடெக் கூட போட்ட ஒப்பந்தத்துல நிகர விற்பனையில 5 சதவீதம் ராயல்டின்னு இருந்தது. 2022 ஜனவரி வரைக்கும் சுமார் 171 கோடி ரூபாய் ஐசிஎம்ஆருக்கு வந்தது. இவ்வளவு தெளிவா எழுதின இடத்துலயே பேட்டன்ட் விண்ணப்பத்துல ஐசிஎம்ஆர் பேர் விட்டுப்போச்சு. பெரிய சர்ச்சையாகி, 2024 ஜூன்ல அவங்களையும் இணை உரிமையாளரா சேர்க்க நடவடிக்கை எடுத்தாங்க. இங்கயே இப்படின்னா, ரெண்டு பக்க எம்ஓயுல உங்க கம்பெனிக்கு என்ன உரிமை இருக்கும்னு யோசிங்க.

அடுத்தது காலம். ஏத்தர் எனர்ஜியை எடுத்துக்கோங்க. ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச ரெண்டு பேர் 2013-ல் ஆரம்பிச்சு, அந்த வளாகத்துலயே இன்குபேட் ஆன கம்பெனி. ஸ்கூட்டர் ரோட்டுக்கு வந்தது 2018-ல். 321 ரூபாய் விலையில ஐபிஓ வந்தது 2025-ல். நடுவுல 2023-24 நிதியாண்டுல மட்டும் நஷ்டம் சுமார் 1,060 கோடி. ஐபிஓல பங்கு வித்தவங்க பட்டியல்ல ஐஐடி மெட்ராஸோட இன்குபேஷன் அமைப்புகளும் இருந்தாங்க. 12 வருஷம் பொறுத்த முதலீடு அது. எம்ஓயு செய்தியைப் பார்த்து உள்ள போறவங்க 12 நாள் கூட பொறுக்கறதில்ல. அவங்க வாங்கறது ஆராய்ச்சியை இல்ல, செய்தியை.

சரி, எம்ஓயுக்குப் பின்னாடி நிஜமா ஏதாவது நடக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆனுவல் ரிப்போர்ட்டைத் திறங்க. டைரக்டர்ஸ் ரிப்போர்ட்டோட இணைப்புல "டெக்னாலஜி அப்சார்ப்ஷன்" என்று ஒரு பகுதி கண்டிப்பா இருக்கும், சட்டம் கேக்குது. அதுல ஆர் அண்ட் டி செலவு எவ்வளவுன்னு சொல்லியாகணும். செய்தில "புரட்சிகர தொழில்நுட்பம்" என்று முழங்கற கம்பெனி இங்க "நில்" என்று போட்டிருந்தா, மேல படிக்கவே வேண்டாம்.

செலவு இருந்தா, அதைக் கணக்குல எங்க வெச்சிருக்காங்கன்னு பாருங்க. ஆராய்ச்சி கட்டத்துச் செலவை அந்த வருஷமே செலவா எழுதிடணும் என்பது விதி. பொருளைச் செஞ்சு முடிக்க முடியும், அதுக்கு வேண்டிய வசதி இருக்கு, அதுல பணம் வரும்னு காட்ட முடிஞ்ச பிறகு, மேம்பாட்டுக் கட்டத்துச் செலவை மட்டும்தான் சொத்தா காட்டலாம். அது "இன்டான்ஜிபிள் அசெட்ஸ் அண்டர் டெவலப்மென்ட்" என்ற தலைப்புல வரும். 2021-22-ல இருந்து அதுக்கு வயசு வாரியான அட்டவணையும் கொடுக்கணும். மூணு வருஷத்துக்கு மேல என்ற கட்டத்துல பெரிய தொகை உக்காந்திருந்தா, லாபத்துல கழிக்க வேண்டியதை சொத்துன்னு சொல்லி ஓட்டறாங்களோன்னு எனக்கு முதல் சந்தேகம் வரும். நிஜமாவே முடியாத ப்ராஜெக்டாவும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு ஏஜிஎம்ல கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.

அப்புறம் "பேட்டன்ட் பப்ளிஷ் ஆயிடுச்சு" என்ற அறிவிப்பு. விண்ணப்பம் போட்டு 18 மாசம் ஆனா பொதுவா அது தானாவே பப்ளிஷ் ஆகும். கிராண்ட் ஆகறது வேற. கல்வி நிறுவனங்களுக்கு 2021-ல் பேட்டன்ட் கட்டணத்தை 80 சதவீதம் குறைச்சாங்க. என்ஐஆர்எஃப் ரேங்கிங்லயும் பப்ளிஷ் ஆன பேட்டன்ட் எண்ணிக்கைக்கு மார்க் உண்டு. அதனால கல்லூரிக்கு விண்ணப்பம் போடறதுலயே லாபம் இருக்கு. அந்த எண்ணிக்கையை வெச்சு உங்களுக்கு டிவிடெண்ட் வராது.

கம்பெனிகள் மேல மட்டும் பழி போடவும் மனசு வரல. பல்கலைக்கழகம், ஐஐடி, தேசிய ஆய்வகத்துக்கு ஆராய்ச்சிக்காகக் கொடுக்கற பணத்துக்கு ஒரு காலத்துல 200 சதவீதம் வரிக்கழிவு இருந்தது. அது 150 ஆச்சு, 2020-21-ல இருந்து வெறும் 100. 22 சதவீத வரி முறைக்குப் போன கம்பெனிக்கு அந்தப் பிரிவுல அதுவும் கிடையாது. 200 இருந்தப்போ போலி நன்கொடை ரசீது வாங்கினவங்களும் இருந்தாங்கதான். அதுக்கு ஆடிட்டை இறுக்கியிருக்கலாம். சலுகையையே எடுத்தது எனக்குச் சரியா படல.

எம்ஓயுக்கு அடுத்து லைசென்ஸ் ஒப்பந்தம்னு எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு அறிவிப்பு வந்து, அதுல எக்ஸ்க்ளூசிவ் உரிமையா, எத்தனை வருஷம், ராயல்டி எத்தனை சதவீதம்னு எழுதியிருந்தா அந்த லிங்க்கை எனக்கு அனுப்புங்க. நானும் உக்காந்து படிக்கறேன். அடுத்த வீடியோல ஒரு லிஸ்டட் கம்பெனியோட ஆனுவல் ரிப்போர்ட்டைத் திறந்து, மேல சொன்ன பக்கங்கள் எங்க இருக்குன்னு காட்டப் போறேன்.